டிசம்பர் 25 முதல் உள்ளூர்ப் படம் மட்டும்: மணிலா திரைப்பட விழாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டிசம்பர் 25 அன்று மணிலாவில் எந்த மாலுக்குப் போனாலும் ஹாலிவுட் படம் கிடைக்காது. முந்தின நாள் வரை ஓடிய அமெரிக்கப் படங்களையெல்லாம் இறக்கிவிட்டு, எல்லாத் திரைகளிலும் பிலிப்பைன்ஸ் படங்களை ஏற்றியிருப்பார்கள். செபு, டாவோ, பாகியோ என்று நாடு முழுக்க இதே நிலைதான். ஐமேக்ஸ் மாதிரியான சில சிறப்புத் திரைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஜனவரி முதல் வாரம் தாண்டும்வரை இந்த ஏற்பாடு நீடிக்கும். 2021 டிசம்பரில் உலகமே புது ஸ்பைடர்மேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிலிப்பைன்ஸ் ரசிகர்கள் மட்டும் 2022 ஜனவரி 8 வரை காத்திருந்தார்கள். காரணம் இந்த விழா.

முழுப் பெயர் மெட்ரோ மணிலா திரைப்பட விழா. பேச்சில் எம்எம்எஃப்எஃப். திரைப்பட விழா என்றதும் கழுத்தில் தொங்கும் அட்டை, டெலிகேட் பாஸ், ஈரான் படத்துக்குக் காலை எட்டு மணிக்கு வரிசை என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். இங்கே பாஸ் கிடையாது. மற்ற நாட்களைப் போலவே கவுண்டரில் டிக்கெட் வாங்கி, பாப்கார்னோடு போய் உட்கார வேண்டியதுதான். தீபாவளிக்கு எட்டுப் பத்துப் படங்கள் ஒரே நாளில் இறங்கி, வேறெந்தப் படமும் குறுக்கே வராமல் ஓர் அரசு அமைப்பே காவல் காத்து, மூன்றாம் நாள் விருதும் கொடுத்தால் எப்படியிருக்குமோ, அப்படி ஒரு விழா.

டாவோவிலும் செபுவிலும் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வராமல் அங்கேயே தங்குகிறவர்களுக்கும், அந்தச் சமயத்தில் மணிலாவுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை உதவும்.

ஏன் இப்படி ஒரு தடை

இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் விழா புரியும். 1960களில் மணிலாவின் நல்ல தியேட்டர்களெல்லாம் ஹாலிவுட் படங்களின் கையில் இருந்தன. உள்ளூர்ப் படங்களுக்கு இரண்டாம் தர அரங்குகள்தான். அப்போது மணிலா மேயராக இருந்த அன்டோனியோ வில்லேகாஸ் 1966இல் மணிலா திரைப்பட விழா என்று ஒன்றைத் தொடங்கி, அது நடக்கும் நாட்களில் அந்த முதல்தர அரங்குகளில் பிலிப்பைன்ஸ் படங்கள் மட்டுமே ஓட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்த யோசனைதான் 1975இல் நகரம் தாண்டி, சுற்றியுள்ள நகரங்களும் சேர்ந்த மெட்ரோ மணிலா அளவுக்கு விரிந்து, பின்னர் கிறிஸ்துமஸ் பருவத்தில் நிலைகொண்டது. இன்றும் விழாவில் தரப்படும் விருதுகளில் ஒன்று வில்லேகாஸ் பெயரில் இருக்கிறது.

விழாவை நடத்துவது யார் என்று கேட்டால் சிரிப்பு வரும். எம்எம்டிஏ. அதாவது மெட்ரோ மணிலாவின் போக்குவரத்து, வெள்ளத் தடுப்பு, குப்பை இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆணையம். எட்சா சாலை நெரிசலுக்காகப் பதினோரு மாதம் திட்டு வாங்கும் அதே அலுவலகம், பன்னிரண்டாம் மாதம் சிறந்த நடிகைக்கு விருது கொடுக்கும். விழா நாட்களில் வசூலாகும் கேளிக்கை வரியை நகர நிர்வாகங்கள் விட்டுக்கொடுக்கின்றன. அந்தப் பணம் திரைத் தொழிலாளர் நல அமைப்பான மவுல்ஃபண்ட் உள்ளிட்ட சில அமைப்புகளுக்குப் போகிறது. நீங்கள் வாங்கும் டிக்கெட்டில் ஒரு சிறு பங்கு வயதான லைட்மேன் ஒருவரின் மருத்துவச் செலவுக்குப் போகலாம்.

கிறிஸ்துமஸை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? கையில் காசு புழங்கும் நேரம் அது. பிலிப்பைன்ஸ் சட்டப்படி ஊழியர்களுக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்று ஒன்று உண்டு. டிசம்பர் 24க்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். 25ஆம் தேதி காலை பிள்ளைகள் ஞானத்தாய், ஞானத்தந்தை வீடுகளுக்குப் போய் அவர்கள் கையைத் தங்கள் நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கி, காசும் வாங்கிக்கொள்வார்கள். அன்று மதியமே அந்தக் காசு மாலில் இறங்கும். தயாரிப்பாளர்களுக்கு இதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும்?

தேதி பார்ப்பது

விழா ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25இல் தொடங்கும். அதில் மாற்றம் இல்லை. முடிவு ஜனவரி 7 வாக்கில். கூட்டம் தாங்கவில்லை என்றால் நீட்டிப்பார்கள். 2023 விழா மொத்தமாக 100 கோடி பெசோவைத் தாண்டி வசூலித்ததால் ஜனவரி 14 வரை ஓடியது.

ஊரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வசதி: 2025 நடுவிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு 14 நாள்வரை விசா இல்லாமல் போகலாம். அந்த 14 நாளை நீட்டிக்க முடியாது. நிபந்தனைகள் மாறக்கூடும் என்பதால் டிக்கெட் போடும்முன் தூதரக அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாட்களுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், என் கணக்கு இது. 25 மதியத்துக்கு மேல் குடும்பக் கூட்டம். தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை பத்துப் பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து, நகைச்சுவை நட்சத்திரம் வைஸ் காண்டாவின் நகைச்சுவைக்குச் சிரிப்பதைப் பார்க்க வேண்டுமானால் அன்று போங்கள், அதுவே தனி அனுபவம். அமைதியாகப் படம் பார்க்க விரும்புகிறவர்கள் அன்றைய முதல் காட்சியைப் பிடிக்க வேண்டும். முந்தின இரவு நள்ளிரவு விருந்து முடிந்து ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். மால்களும் அன்று வழக்கத்தைவிடத் தாமதமாகத் திறக்கலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 31ஆம் தேதி மால்கள் சீக்கிரம் மூடும், எம்ஆர்டி ரயிலும் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளும். அன்று மாலைக் காட்சிக்குத் திட்டம் போடாதீர்கள். 26, 28, 29 மூன்றும் நல்ல நாட்கள். 27க்கு ஒரு விசேஷம் இருக்கிறது, வருகிறேன்.

பட்டியலைப் படிப்பது

படங்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். நெடுங்காலம் எட்டு. 2023, 2024 இரண்டிலும் பத்து. தேர்வு இரண்டு கட்டமாக நடக்கிறது. திரைக்கதையை மட்டும் வைத்து ஒரு பாதி ஜூலை வாக்கில் அறிவிக்கப்படும். எடுத்து முடித்த படங்களைப் பார்த்து மறுபாதியை அக்டோபரில் அறிவிப்பார்கள். ஆக, நவம்பர் தொடக்கத்தில் முழுப் பட்டியல் கையில் இருக்கும். ட்ரெய்லர்களை அப்போதே பார்த்துவிடுங்கள்.

எந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்தாலும் சில வகைகள் திரும்பத் திரும்ப வரும். பெரிய நட்சத்திரத்தின் நகைச்சுவை ஒன்று. பேய்ப் படம் ஒன்றோ இரண்டோ. கிறிஸ்துமஸுக்குப் பேயா என்று கேட்காதீர்கள். 1984 விழாவில் ‘ஷேக், ரேட்டில் அண்ட் ரோல்’ என்று மூன்று கதைகளை ஒரே படமாக்கி விட்டார்கள். அது ஒரு தொடராகவே வளர்ந்து, பேயில்லாத டிசம்பர் இல்லை என்று ஆகிவிட்டது. அப்புறம் கண்ணீர் வரவழைக்கும் குடும்பக் கதை, ஒரு காதல் கதை, சில ஆண்டுகளில் வரலாற்றுப் படம். கடைசியாக, யாரும் அதிகம் பேசாத, சின்ன பட்ஜெட்டில் எடுத்த ஒன்றிரண்டு.

மொழிதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய கேள்வி. படங்கள் பெரும்பாலும் தகாலோகில், நடுநடுவே ஆங்கிலம் தாராளமாகக் கலந்து வரும். எல்லாப் படத்திலும் ஆங்கில சப்டைட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உள்ளூர் மக்களுக்காகப் போடும் காட்சிகள்தானே. அதனால் தகாலோக் தெரியாதவர்கள் முதல் படமாக நகைச்சுவையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. அந்தச் சிரிப்பு முழுக்க வார்த்தை விளையாட்டிலும், உள்ளூர் டிவி நிகழ்ச்சிகளைக் கிண்டல் செய்வதிலும் இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நாம் விழிக்க வேண்டியிருக்கும். பேய்ப் படத்துக்கு மொழி பாதிதான் வேண்டும். குடும்பக் கதைக்கும் அப்படியே: அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள், அண்ணன் குடிக்கிறான், வீட்டை விற்கப் போகிறார்கள் என்பதை முகங்களே சொல்லிவிடும். கதைச் சுருக்கத்தை முன்னாலேயே படித்துக்கொண்டு போனால் போதும்.

வகைப்பாட்டுச் சான்றிதழையும் கவனியுங்கள், முக்கியமாகக் குழந்தைகளோடு போகிறவர்கள். தணிக்கை வாரியம் ஜி, பிஜி, ஆர்-13, ஆர்-16, ஆர்-18 என்று தரம் பிரிக்கும். பிஜி என்றால் பெரியவர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம். ஆர்-13 என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பெற்றோரே கூட்டிப்போனாலும் உள்ளே விடக்கூடாது. பேய்ப் படங்கள் இந்த வகையில் விழுவது சகஜம்.

எதை முதலில் பார்ப்பது: இதுதான் விஷயமே

புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் பெரிய படத்தை முதலில் பார்க்கிறார்கள். ‘சின்னப் படம் எங்கே போய்விடப் போகிறது, நாலு நாள் கழித்துப் பார்ப்போம்’ என்று நினைக்கிறார்கள். உண்மையில் போய்விடுவது சின்னப் படம்தான். பெரிய படம் ஜனவரி வரை ஆறு திரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

தியேட்டர்காரர்கள் விழாவுக்குத் திரை கொடுப்பது கட்டாயம். எந்தப் படத்துக்கு எத்தனை திரை என்பதை நடைமுறையில் வசூலே தீர்மானிக்கிறது. முதல் இரண்டு நாள் கூட்டம் வராத படத்தை மூன்றாம் நாள் காலைக் காட்சிக்குத் தள்ளுவார்கள், அப்புறம் அந்த மாலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவதொரு இயக்குநர் ‘எங்கள் படத்துக்குத் திரை கொடுங்கள்’ என்று ஃபேஸ்புக்கில் மன்றாடுவதைப் பார்க்கலாம். ஹாலிவுட்டிடமிருந்து உள்ளூர்ப் படத்தைக் காப்பாற்ற வந்த விழாவில், பெரிய உள்ளூர்ப் படத்திடமிருந்து சின்ன உள்ளூர்ப் படத்தைக் காப்பாற்ற ஆள் இல்லை என்று சலித்துக்கொள்வார்கள். சரியான சலிப்புதான்.

ஆகவே 25, 26 இரண்டு நாளையும் பட்டியலில் இருக்கும் மிகச் சின்னப் படங்களுக்கு ஒதுக்குங்கள். நட்சத்திரப் படத்தை 28க்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

27க்கு விசேஷம் இருக்கிறது என்றேனே. அண்மை ஆண்டுகளில் விருது இரவு அன்றுதான் நடக்கிறது. காபி நாங் பராங்கல் என்று பெயர். சிறந்த படம் என்று எதை அறிவிக்கிறார்களோ, மறுநாளே அதற்குக் கூட்டமும் திரைகளும் கூடுவது வழக்கம். 2023இல் ‘ஃபயர்ஃபிளை’, 2024இல் ‘கிரீன் போன்ஸ்’ சிறந்த படமாயின. இரண்டையும் இயக்கியவர் ஸிக் டூலாய். முதலாவது, அம்மா சொன்ன கதையில் வரும் மின்மினித் தீவைத் தேடிப் போகும் சிறுவனைப் பற்றியது. மற்றது சிறைக் கதை. இரண்டுமே அந்தந்த ஆண்டு வசூலில் முதலிடம் பிடித்த படங்கள் இல்லை. 2023இல் முதலிடம் ‘ரிவைண்ட்’. டிங்டாங் டாண்டஸும் மரியன் ரிவேராவும், நிஜத்திலும் கணவன் மனைவியான இருவர், நடித்த படம். 90 கோடி பெசோவைத் தாண்டி, அதுவரை எந்த பிலிப்பைன்ஸ் படமும் தொடாத உயரத்துக்குப் போனது.

அப்படியானால் விருது வந்த பிறகு பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். விருது வாங்கும் படத்துக்கு அது சரி. வாங்காமல் போகும் நல்ல படத்துக்கு 28ஆம் தேதி இடம் இருக்காது.

டிக்கெட்

மெட்ரோ மணிலாவின் பெரிய மால்களில் சாதாரண இருக்கை சுமார் 300 முதல் 450 பெசோ வரை. ஒரு பெசோ தோராயமாக ஒன்றரை ரூபாய். சாய்வு இருக்கை உள்ள சொகுசு அரங்குகளில் இன்னும் கூடுதல். மாகாண நகரங்களில் கொஞ்சம் குறைவு. இந்த விலை உள்ளூர் மக்களுக்குச் சிறியதில்லை. 2024 நடுவில் மெட்ரோ மணிலாவின் குறைந்தபட்ச நாள் கூலியே 645 பெசோதான். நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு படம் பார்த்தால் இரண்டு நாள் கூலி போய்விடும். அதனால்தான் மக்கள் ‘இந்த வருஷம் எந்த ஒரு படம்’ என்று யோசித்துப் பெரிய பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சின்னப் படம் அடிபடுவதற்கு ரசிகர்களின் ரசனையைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விலையைப் பாருங்கள். 2024இல் விழாவின் ஐம்பதாம் பதிப்பை முன்னிட்டு, பழைய விழாப் படங்கள் ஐம்பதை செப்டம்பர், அக்டோபரில் 50 பெசோ டிக்கெட்டில் திரையிட்டார்கள். அப்படி ஒன்று மறுபடி அறிவிக்கப்பட்டால் விடாதீர்கள்.

எஸ்எம், அயாலா, ராபின்சன்ஸ் போன்ற சங்கிலி அரங்குகளின் செயலியிலோ இணையதளத்திலோ முன்பதிவு செய்யலாம், சிறு கட்டணம் சேரும். வெளிநாட்டு கார்டு சில சமயம் ஏற்காது. உள்ளூர்க்காரர்கள் ஜிகேஷ் என்ற செல்போன் பணச் செயலியில் கட்டுகிறார்கள். அது இல்லாதவர்கள் காலையிலேயே கவுண்டரில் போய் மாலைக் காட்சிக்கு வாங்கிவிடுவது எளிது. இருக்கை எண் கொடுத்துவிடுவார்கள், முன்கூட்டி வரிசையில் நிற்கத் தேவையில்லை.

ஒரு காட்சி முழுக்க நிரம்பியிருப்பதாகக் காட்டினால் உடனே மனம் தளர வேண்டாம். ரசிகர் மன்றமோ நிறுவனமோ மொத்தக் காட்சியையும் வாங்கியிருக்கலாம். பிளாக் ஸ்கிரீனிங் என்பார்கள். அடுத்த காட்சியில் இடம் இருக்கும். இன்னொன்று, முதல் சில நாட்கள் நடிகர்களே மால் மாலாகப் போய் அரங்குக்குள் தலைகாட்டிவிட்டு வருவார்கள். எந்த மால், எத்தனை மணி என்பதைப் படத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் அன்றன்று போடுவார்கள்.

எந்த மால் என்றால், எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிய ஒன்றைப் பிடியுங்கள். நார்த் அவென்யூ நிலையத்தில் டிரைனோமாவும் எஸ்எம் நார்த் எட்சாவும், குபாவில் கேட்வே, ஓர்ட்டிகாஸ் பக்கம் மெகாமால், அயாலா நிலையத்தில் குளோரியெட்டா. எல்லாம் ஒரே தடத்தில். ஒரு மாலில் உங்கள் படத்தை எடுத்துவிட்டால் ரயிலேறி அடுத்ததற்குப் போய்விடலாம். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சின்னப் படம் தேடுகிறவர்களுக்கு இப்படித்தான் அலைய நேரும்.

அரங்குக்குள்

ஸ்வெட்டர். மணிலாவில் ஸ்வெட்டரா என்று சிரிக்காதீர்கள், உள்ளே ஏசி எலும்பைத் துளைக்கும்.

நாளின் முதல் காட்சிக்கும் கடைசிக் காட்சிக்கும் முன்னால் தேசிய கீதம் ஒலிக்கக்கூடும். உள்ளூர்க்காரர்கள் வலது கையை நெஞ்சில் வைத்து நிற்பார்கள். நாம் எழுந்து அமைதியாக நின்றால் போதும். கீதம் முடிந்து படம் தொடங்கிய பிறகு அமைதியை எதிர்பார்க்காதீர்கள். பேய் வரும் இடத்தில் கூட்டாக அலறுவார்கள், அலறிய மறுநொடி தங்களைத் தாங்களே பார்த்துச் சிரிப்பார்கள். அழுகைக் காட்சியில் மூக்கு உறிஞ்சும் சத்தம் நாலாபக்கமும் கேட்கும். ஒளித்துக்கொள்ளும் பழக்கம் இல்லை.

தேர் ஊர்வலம்

டிக்கெட் வாங்காமல் விழாவை ருசி பார்க்க ஒரு வழி உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் நட்சத்திரங்களின் ஊர்வலம் நடக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அலங்கார வண்டி. அதன் மேல் அந்தப் படத்தின் நடிகர்கள் நின்று கையசைத்து, பனியன்களையும் இனிப்புகளையும் கூட்டத்துக்குள் வீசிக்கொண்டே போவார்கள். ஊர்வலம் ஒவ்வோர் ஆண்டும் மெட்ரோ மணிலாவின் வெவ்வேறு நகரத்துக்கு மாறும். 2022இல் கேசோன் சிட்டி. 2023இல் வடக்கே கலோகான், மலபோன், நவோதாஸ், வலென்சுவேலா நான்கையும் சேர்த்து. 2024இல் மணிலா நகரம்.

பாதையை எம்எம்டிஏ முன்கூட்டியே அறிவிக்கும், எந்தச் சாலைகள் அடைக்கப்படும் என்பதோடு சேர்த்து. காரிலோ கிராப் டாக்ஸியிலோ போகாதீர்கள். ஆண்டிலேயே மோசமான நெரிசல் அந்த வாரத்தில்தான். ரயிலில் கிட்டத்தில் இறங்கி நடந்து போய், தொடக்கப் புள்ளியைத் தவிர்த்து வழியின் நடுவில் நில்லுங்கள். தொடக்கத்தில் ரசிகர் மன்றங்கள் காலையிலிருந்தே இடம் பிடித்திருக்கும். தொப்பியும் தண்ணீரும் போதும். வண்டிகள் வந்து சேர அறிவித்த நேரத்தைவிட எப்படியும் தாமதமாகும்.

விருதை எவ்வளவு நம்பலாம்

கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். 1977இல் ஒரே படம் விருதுகளை ஏறக்குறைய முழுதாக அள்ளியதில் பெரிய சண்டை மூண்டது. 1994இல் நடுவர்கள், எதுவும் தகுதியில்லை என்று சொல்லிச் சிறந்த படம் விருதையே கொடுக்கவில்லை. 2006இல் வசூலையும் மதிப்பெண்ணில் சேர்த்தார்கள், விளைவாக ‘எந்தெங் கபிசோதே’ என்ற பிரபலமான குடும்பக் கற்பனைப் படத்தொடரின் மூன்றாம் பாகம் சிறந்த படமாகிவிட்டது. பேச்சு அடங்க வெகுகாலம் ஆனது.

நேரெதிரான சோதனை 2016இல் நடந்தது. தேர்வுக்குழு பெரிய நட்சத்திரப் படங்களை வெளியே வைத்துவிட்டு, சுயாதீன இயக்குநர்களின் படங்களால் பட்டியலை நிரப்பியது. வெளியே தள்ளப்பட்ட இரண்டு பெரிய நகைச்சுவைப் படங்கள் நவம்பர் கடைசியிலேயே ரிலீஸாகி நன்றாக ஓடின. அந்த ஆண்டு சிறந்த படம் ‘சண்டே பியூட்டி குயின்’, ஒரு ஆவணப்படம். ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் விடுப்பில் அழகிப் போட்டி நடத்துவதைப் பற்றியது, இயக்கியவர் பேபி ரூத் வில்லாராமா. விழாவின் வசூல் விழுந்தது. மறு ஆண்டே பெரிய படங்களுக்கு மறுபடி கதவு திறக்க, குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். என்னைக் கேட்டால் இந்த விழா தொட்ட உயரம் 2016தான். அந்தப் பட்டியலை மறுபடி நடத்த ஆள் துணியமாட்டார்கள் என்பதும் தெரிகிறது.

வசூல், கலை இரண்டில் எதற்கும் முழுசாகத் தன்னைக் கொடுக்காத விழா இது. சப்டைட்டிலோடு, நிதானமாக, இயக்குநரோடு கேள்வி பதில் வைத்துப் பார்க்கத்தான் ஆசை என்றால் டிசம்பரை விட்டுவிட்டு வேறு மாதம் போங்கள். 2005இல் தொடங்கிய சினிமலாயா வழக்கமாக ஆகஸ்டில் நடந்துவந்தது, 2025இல் அக்டோபருக்கு மாறியது. சுயாதீனப் படங்களுக்கு அதுதான் தாய்வீடு. நவம்பரில் கேசோன் சிட்டி அரசு நடத்தும் கியூசினிமா இருக்கிறது. அங்கே வெளிநாட்டுப் படங்களும் உண்டு.

நேரில் போக முடியாதவர்களுக்கு

பெரிய படங்கள் சில மாதங்களில் ஸ்ட்ரீமிங்குக்கு வந்துவிடும். ‘ரிவைண்ட்’ 2024 மார்ச்சிலேயே நெட்ஃபிளிக்ஸில் வந்தது. இதில் சப்டைட்டில் கவலையும் இல்லை. சின்னப் படங்கள்தான் காணாமல் போகும்.

பழைய விழாப் படங்களில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் உண்டு என்றால் 1982 விழாவில் சிறந்த படமான ‘ஹிமாலா’வைப் பாருங்கள். இஷ்மாயில் பெர்னால் இயக்கம், நோரா அவுனோர் நடிப்பு, ரிக்கி லீ எழுத்து. மழை பொய்த்த ஒரு கிராமத்தில் ஏழைப் பெண் ஒருத்தி மாதாவின் காட்சி கிடைத்ததாகச் சொல்ல, ஊரே அவளைச் சுற்றிக் கடை போடுகிறது. கிறிஸ்துமஸ் நாளில் குடும்பம் குடும்பமாக மக்கள் போய்ப் பார்த்த படம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். 2012இல் பிரதியைப் புதுப்பித்துவிட்டார்கள். தேடும்போது அந்தப் புதுப்பித்த பிரதியாகப் பார்த்து எடுங்கள், பழைய விசிஆர் நகல்களில் பாதி இருட்டாக இருக்கும்.